எடைக்கு விற்க முடியாத பொன்

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் பழம்பொருள் சந்தை ஒன்றில், பழைய தங்கத்தை வாங்கி உருக்குவதற்கு விற்கும் வியாபாரி ஒருவர் சிறிய பொன் முட்டை ஒன்றை வாங்கினார். கைக்குள் அடங்கும் அந்த முட்டை, சிங்கப் பாதங்களைக் கொண்ட மூன்று கால் பீடத்தின்மேல் நின்றது. திறந்தால் உள்ளே ஒரு சிறு கடிகாரம். அவர் கொடுத்த விலை ஏறத்தாழ 14,000 டாலர். பொன்னின் எடையையும் கற்களின் மதிப்பையும் கூட்டிப் பார்த்து, சில நூறு டாலர் லாபம் நிற்கும் என்று அவர் கணக்கிட்டிருந்தார். ஆனால், அந்த விலைக்கு அதை வாங்கி உருக்க எவரும் முன்வரவில்லை. விலை அதிகம் என்றே எல்லோரும் சொன்னார்கள். முட்டை அவர் வீட்டிலேயே தங்கிவிட்டது.

பின்னர் ஒருநாள், கடிகாரத்தின்மேல் இருந்த பெயரையும் முட்டை என்ற சொல்லையும் சேர்த்து இணையத்தில் தேடியபோதுதான் அவருக்கு உண்மை தெரிந்தது. அது, ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்ஸாண்டர் 1887-ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளில் தம் மனைவிக்கு அளித்த பரிசு. செய்வித்தவர் பீட்டர்ஸ்பர்க் நகரின் நகைக்கலைஞர் கார்ல் ஃபாபெர்ஜே. 1964-இல் நியூயார்க் ஏலம் ஒன்றில், செய்தவர் யாரென்று தெரியாமலே, 2,450 டாலருக்கு அது கைமாறியிருக்கிறது. 2014-இல் இந்தச் செய்தி வெளியானபோது அதன் மதிப்பு இரண்டு கோடி பவுண்டு இருக்கலாம் என்று எழுதினார்கள். உருக்குபவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கத் துணிந்திருந்தால், அது ஒரு பொற்கட்டியாகியிருக்கும்.

கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மதிப்புக் கொள்கையைப் பாடமாக நடத்தியவன் நான். ஒரு பொருளின் மதிப்பு அதன் மூலப்பொருளில் இருக்கிறதா, அதில் செலுத்தப்பட்ட உழைப்பில் இருக்கிறதா, வாங்குபவரின் விருப்பத்தில் இருக்கிறதா என்னும் பழைய வினாவை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனாலும், அந்த முட்டையின் கதையைப் படித்தபோது எனக்கு ஒரு குற்ற உணர்வுதான் முதலில் எழுந்தது. அதன் காரணத்தைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன். அதற்கு முன், அந்த முட்டையைச் செய்வித்தவரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும்.

நிலவறையில் கற்ற பாடம்

ஃபாபெர்ஜேயின் முன்னோர் பிரான்சைச் சேர்ந்த சீர்திருத்தக் கிறித்தவர்கள். பதினான்காம் லூயி மன்னர் 1685-இல் அவர்களுக்கிருந்த வழிபாட்டு உரிமையைப் பறித்தபோது, பல்லாயிரம் கைவினைஞர்கள் அந்நாட்டை விட்டு வெளியேறினார்கள். அப்படிப் புறப்பட்ட குடும்பங்களில் ஒன்று, தலைமுறை தலைமுறையாகக் கிழக்கு நோக்கி நகர்ந்து, இறுதியில் ரஷ்யாவின் தலைநகரை அடைந்தது. குஸ்தாவ் ஃபாபெர்ஜே 1842-இல் பீட்டர்ஸ்பர்க்கின் பல்ஷாயா மர்ஸ்கயா தெருவில் ஒரு நகைக்கடையைத் திறந்தார். அவருடைய மகன் கார்ல் 1846-ஆம் ஆண்டு மே மாதம் பிறந்தார்.

1860-இல் தந்தை தொழிலைப் பொறுப்பாளர்களிடம் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் குடியேறினார். அந்த நகரில் சாக்சனி மன்னர்களின் கருவூலம் ஒன்று உண்டு. பச்சை நிலவறை என்று பொருள்படும் பெயருடைய அந்த மாளிகைப் பகுதியில், மறுமலர்ச்சிக் காலத்துப் பொற்கிண்ணங்கள், தந்தத்தில் கடைந்த உருவங்கள், அகேட் கல்லில் குடைந்த பேழைகள் ஆகியவை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தன. பதின்வயதில் கார்ல் கண்ட பெரும் கலைக்கூடம் அது. பின்னர் ஃப்ராங்ஃபர்ட்டில் ஒரு நகைத் தொழிலகத்தில் பயிற்சி பெற்றார், ஐரோப்பிய நகரங்களைச் சுற்றி வந்தார், அருங்காட்சியகங்களைப் பார்த்தார். 1864-இல் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார்.

திரும்பியவர் உடனே கடையின் கல்லாவில் போய் அமர்ந்துவிடவில்லை. தந்தையின் நம்பிக்கைக்குரிய மூத்த பட்டறைத் தலைவர் ஹிஸ்கியாஸ் பெண்டினிடம் தொழில் கற்றார். அதோடு, பேரரசின் கலைக்கருவூலமான ஹெர்மிடேஜில் பல ஆண்டுகள் ஊதியமின்றிப் பணிபுரிந்தார். அங்குள்ள பழைய நகைகளைப் பழுதுபார்ப்பதும் வகைப்படுத்திப் பட்டியலிடுவதும் அவர் வேலை. இருபது வயது இளைஞர் ஒருவர், தம் கடைக்கு ஒரு காசும் வராத வேலையில் இத்தனை ஆண்டுகளைச் செலவிட்டது அன்றைய வணிகர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றியிருக்கும். பொருளியலார் இதை மனித மூலதனத்தில் இட்ட முதலீடு என்போம். உடைந்த ஒரு பழைய நகையை ஒட்டவேண்டுமென்றால், அது எப்படிக் கட்டப்பட்டது என்பது தெரிந்தாக வேண்டும். எந்த இடத்தில் பற்றவைத்தார்கள், எந்தத் தகட்டை எந்தக் கனத்தில் அடித்தார்கள் என்று அவர் கை தேடித் தேடிக் கற்றுக்கொண்டது. 1872-இல், இருபத்தாறு வயதில், தந்தையின் தொழிலை முழுமையாக ஏற்றார்.

சிதியர் காப்பு

அந்தக் காலத்து நகைத் தொழிலின் நிலையையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1867 முதல் வைரங்கள் கிடைக்கத் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பியச் சந்தைக்கு அவை பெருமளவில் வந்து சேர்ந்தன. அரசகுலத்தார் மட்டுமே அணிந்த கல், வங்கி முதலாளிகளின் மனைவியர் கழுத்திலும் ஒளிவிட்டது. நகை என்பது கற்களை வரிசையாகப் பதிப்பதற்கான ஒரு சட்டகம் என்றாகிவிட்டது. பெரிய கல் உயர்ந்த நகை. இன்னொரு புறம், அகழாய்வுகள் பழைய நாகரிகங்களின் நகைகளை வெளிக்கொணர்ந்தபடி இருந்தன. ரோம் நகரின் கஸ்தெல்லானி குடும்பத்தார், எத்ருஸ்கர்களின் கல்லறைகளில் கிடைத்த நகைகளைப் பார்த்து, பொற்குருணைகளைத் தகட்டின்மேல் ஒட்டும் மறைந்துபோன நுட்பத்தை மீட்க ஒரு தலைமுறைக்காலம் முயன்றார்கள். பழமைக்குத் திரும்பும் இந்த நாட்டம் ஐரோப்பா முழுவதும் பரவியிருந்தது.

ரஷ்யாவுக்கும் அத்தகைய ஒரு புதையல் வாய்த்திருந்தது. கிரிமியாவின் கெர்ச் பகுதியில், சிதியர் காலப் புதைமேடுகளில், பொது ஆண்டுக்கு முந்தைய நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த பொன்னணிகள் கிடைத்து ஹெர்மிடேஜில் இருந்தன. அவற்றைப் படியெடுத்துச் செய்ய ஃபாபெர்ஜே அனுமதி பெற்றார். அவருடைய பட்டறைத் தலைவர் எரிக் கோலின், கல் ஏதும் பதிக்காத அந்த நகைகளைப் பசும்பொன்னில் மீண்டும் உருவாக்கினார். 1882-இல் மாஸ்கோவில் நடந்த அனைத்து ரஷ்யக் கண்காட்சியில் அவை வைக்கப்பட்டன. பேரரசி மரியா ஃபியோதரோவ்னா அங்கேயே ஒரு நகையை வாங்கினார். தொழிலகத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஒரு சிதியர் காப்பின் மூலத்துக்கும் படிக்கும் வேறுபாடு காணமுடியாமல் பேரரசர் வியந்தார் என்றும், சமகால ரஷ்யக் கைத்திறனுக்குச் சான்றாக அந்தப் படியையும் ஹெர்மிடேஜில் வைக்கச் சொன்னார் என்றும் ஒரு செய்தி வழங்கி வருகிறது.

வைரம் மலிந்துவந்த காலத்தில், வைரமே இல்லாத ஒரு காப்பைக் கொண்டு அரசவையின் கவனத்தை ஈர்த்தது ஃபாபெர்ஜேயின் தொழில் கணக்கு. கல்லை எவரும் வாங்கிவிடலாம். அந்தக் கையை அப்படி வாங்கிவிட முடியாது. கற்களின் விலையை மட்டும் நம்பித் தொழில் நடத்தும் நகைக்கடைகளை அவர் பிற்காலத்தில் வணிகர்கள் என்றே குறிப்பிட்டார்; கலைஞர் வரிசையில் சேர்க்கவில்லை.

முட்டைக்குள் மூன்று நூற்றாண்டுகள்

அதே 1882-இல் தம்பி அகத்தோன் ட்ரெஸ்டனிலிருந்து வந்து தொழிலில் சேர்ந்தார். அவருடைய வடிவமைப்புத் திறனால் தொழிலகம் புதிய வழியில் நடந்தது. 1885-இல் ஃபாபெர்ஜேக்கு அரசவை நகைக்கலைஞர் என்ற தகுதி கிடைத்தது. அந்த ஆண்டு ஈஸ்டருக்குத்தான் முதல் அரச முட்டை உருவானது. உயிர்த்தெழுதல் திருநாளில் முட்டை கொடுத்து வாழ்த்துவது ரஷ்யத் திருச்சபை வழக்கம். வெளியே வெள்ளை எனாமல் பூசிய ஓடு. திறந்தால் பொன்னால் ஆன மஞ்சள் கரு. அதற்குள் மாணிக்கக் கண்களுடைய பொற்கோழி. பேரரசி டென்மார்க்கில் பிறந்தவர். அவருடைய பிறந்த வீட்டு அரச சேகரிப்பில் இதேபோல ஒன்றனுள் ஒன்றாகத் திறக்கும் பதினெட்டாம் நூற்றாண்டு முட்டை ஒன்று இருந்தது. அதை நினைவூட்டும் வகையிலேயே இந்தப் பரிசு அமைந்தது. பேரரசி மகிழ்ந்தார், முட்டை ஆண்டு வழக்கமாயிற்று. மூன்றாம் அலெக்ஸாண்டர் காலத்தில் பத்தும், அவர் மகன் இரண்டாம் நிக்கோலஸ் காலத்தில் தாய்க்கும் மனைவிக்குமாக நாற்பதும் என, ஐம்பது முட்டைகள் அரண்மனைக்குச் சென்றன.

அந்த வரிசையை அலங்காரக் கலை வரலாற்றின் ஒரு பாடநூலாகவே படிக்கலாம். 1894-ஆம் ஆண்டு முட்டை, சிறுவயதில் அவர் ட்ரெஸ்டன் நிலவறையில் பார்த்த அகேட் பேழை ஒன்றைத் தழுவியது. மறுமலர்ச்சி முட்டை என்றே அதற்குப் பெயர். மூன்றாம் அலெக்ஸாண்டருக்காகச் செய்யப்பட்ட கடைசி முட்டையும் அதுதான். 1897-இன் முடிசூட்டு முட்டைக்குள் பதினெட்டாம் நூற்றாண்டு அரச வண்டி ஒன்று, சக்கரம் உருள, கதவு திறக்க, ஒரு சாணுக்கும் குறைவான நீளத்தில் நிற்கிறது. 1908-இன் மயில் முட்டைக்கு மூலம், ஹெர்மிடேஜில் இன்றும் உள்ள, இங்கிலாந்தின் ஜேம்ஸ் காக்ஸ் செய்த மயில் கடிகாரம். பளிங்குப் படிகத்தாலான முட்டைக்குள் மரக்கிளையில் அமர்ந்திருக்கும் மயிலை எடுத்துச் சாவி கொடுத்து மேசைமேல் விட்டால், அது நடந்து தோகை விரிக்கும். 1911-இன் மர முட்டை, பிரான்சில் பதினெட்டாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட பாடும் பறவைப் பொறியை நினைவில் வைத்தது. ஒவ்வொன்றிலும் பழைய வடிவம் ஒன்று உண்டு. ஆனால், எதுவும் பழைய பொருளின் நகல் ஆகாது. ஒரு பேழையின் உடலை முட்டையாக்குவதும், கடிகாரத்தின் ஓர் உறுப்பைத் தனி வியப்பாக்குவதும் அவருடைய பட்டறையின் கற்பனை.

அவருக்கு மிக நெருக்கமான காலம் பதினாறாம் லூயியின் காலம். மலர்ச்சரம், முடிச்சிட்ட நாடா, இலைமாலை, நேர்த்தியான நேர்கோடு ஆகிய அக்கால அணிகூறுகள் அவர் தொழிலகத்தில் மீண்டும் மீண்டும் வருகின்றன. உருக்குவோரிடமிருந்து தப்பிய அந்த 1887 முட்டையின் பாணியும் இதுவே. அந்தக் காலத்துப் பாரிஸ் கைவினைஞர்கள் இரண்டு நுட்பங்களில் தேர்ந்திருந்தார்கள். ஒன்று, பொன்னோடு வெள்ளியும் செம்பும் வெவ்வேறு அளவில் கலந்து, பச்சையும் சிவப்பும் வெண்மையும் மஞ்சளுமான பொன்வண்ணங்களை ஒரே நகையில் இழைப்பது. மற்றொன்று, கடைசல் எந்திரத்தால் உலோகத்தகட்டில் அலையலையாக நுண்கோடுகள் பொறித்து, அதன்மேல் ஒளி ஊடுருவும் எனாமலைப் பூசுவது. எனாமல் என்பது நிறமேற்றிய கண்ணாடிப்பொடி. ஒவ்வொரு பூச்சையும் தனித்தனியே உலையில் இட்டுச் சுட வேண்டும். வெப்பம் சற்றுத் தவறினாலும், பல நாள் உழைப்பு ஒரு நொடியில் விரிசல் விட்டுப்போகும். கடைசியில் மரச்சக்கரத்தில் மணிக்கணக்காகத் தேய்த்தால்தான் அந்தப் பட்டு போன்ற ஒளி கிடைக்கும். பிரெஞ்சுக் கைவினைஞர்கள் ஒரு சில நிறங்களையே கையாண்டார்கள். ஃபாபெர்ஜேயின் பட்டறை நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட நிறங்களை வைத்திருந்தது.

பிரான்சை மட்டும் அவர் பார்க்கவில்லை. 1887-இல் தொடங்கிய மாஸ்கோ கிளையில், கம்பி கட்டி எனாமல் நிரப்பும் பழைய ரஷ்ய முறையிலான கிண்ணங்களும் பேழைகளும் உருவாயின. வீட்டில் ஜப்பானியர் இடைக்கச்சையில் செருகும் நெட்சுகே என்னும் சிறு செதுக்குருவங்களை ஐந்நூறுக்கும் மேல் சேர்த்து வைத்திருந்தார். அவர் பட்டறையில் கல்லில் செதுக்கிய யானையும் தவளையும் நாயும் சுருண்டு திரண்டு கைக்குள் அடங்கும் வடிவம், அந்த ஜப்பானியச் சிற்பங்களிடம் கற்றது.

நகலா, மரபா?

பழைய பாணிகளையே நாடியவர், தம் காலத்துக்கென எதையும் படைக்கவில்லை என்று அவர்மேல் ஒரு குறை உண்டு. 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் இந்தக் கேள்வி கூர்மையாக எழுந்தது. அங்கே ரெனே லாலிக், மாட்டுக்கொம்பையும் கண்ணாடியையும் கொண்டு தும்பியும் மலரும் பெண்முகமுமாகப் புதுக்கலைப் பாணி நகைகளைக் காட்டி எல்லோரையும் திகைக்க வைத்தார். ஃபாபெர்ஜே நடுவராக இருந்ததால் போட்டியில் கலந்துகொள்ளாமல், அரச முட்டைகளைக் காட்சிக்கு மட்டும் வைத்தார். அவற்றின் கைத்திறனைப் பாரிஸ் கலைஞர்கள் மெச்சினார்கள். பிரெஞ்சு அரசு அவருக்குப் பெரும் விருது அளித்தது. எனினும், எதிர்காலத்துக்கான பாதையை லாலிக்கிடமே பலர் கண்டார்கள்.

அந்தக் குறையை நான் முழுமையாக ஏற்கவில்லை. லாலிக்கும் ஃபாபெர்ஜேயும் வெவ்வேறு திசையில் நடந்து ஓரிடத்துக்கே வந்தார்கள். இருவருமே நகையின் மதிப்பை அதன் எடையிலிருந்து விடுவித்தார்கள். ஒருவர் இயற்கையிலிருந்து வடிவம் எடுத்தார். மற்றவர் வரலாற்றிலிருந்து எடுத்தார். புதுக்கலைப் பாணியையும் ஃபாபெர்ஜே ஒதுக்கவில்லை. 1898-இன் பள்ளத்தாக்கு லில்லி முட்டையின் முத்துப்பூக்களே அதற்குச் சாட்சி. பழைய பாணிகள் அவருக்கு ஒரு மொழியின் இலக்கணம் போன்றவை. இலக்கணம் கற்றவர் எல்லோரும் பழைய செய்யுளையே திரும்பச் சொல்வதில்லை.

பட்டறையின் பொருளியல்

ஐம்பது முட்டைகளில் ஒன்றைக்கூட ஃபாபெர்ஜே தம் கையால் செய்யவில்லை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர் அமைத்தது ஒரு நிறுவனம். 1900 முதல் பல்ஷாயா மர்ஸ்கயாவின் 24-ஆம் எண் கட்டடத்தில் கடை, பட்டறைகள், வடிவமைப்புக் கூடம், அவர் குடியிருப்பு எல்லாம் இருந்தன. பட்டறைத் தலைவர்கள் கூலிக்காரர்களாக நடத்தப்படவில்லை. ஒவ்வொருவரும் தம் பட்டறையைத் தாமே நடத்தினார்கள். தம் பெயரின் முதலெழுத்துகளை நகையில் பொறித்தார்கள். வடிவமும் மூலப்பொருளும் விற்பனையும் ஃபாபெர்ஜேயின் பொறுப்பு. கரேலியாவின் ஒரு குடியானவக் குடும்பத்தில் பிறந்த மிகயில் பெர்ஹின், பல அரச முட்டைகளின் பட்டறைத் தலைவராக உயர்ந்தார். 1903-இல் அவர் மறைந்தபின் ஹென்ரிக் விக்ஸ்ட்ரோம் அந்த இடத்துக்கு வந்தார். ஃபின்லாந்துக்காரர், ஸ்வீடன்காரர், எஸ்தோனியர், ரஷ்யர் என ஏறத்தாழ ஐந்நூறு பேர் அந்த நிறுவனத்தில் பணிபுரிந்தனர்.

மாஸ்கோவைத் தொடர்ந்து ஒதெஸ்ஸா, கீவ், லண்டன் நகரங்களில் கிளைகள் திறந்தன. அரசருக்கு ஆண்டுக்கு இரு முட்டைகள் என்றால், மற்றவர்களுக்கு ஆயிரக்கணக்கில் படச்சட்டங்கள், சிகரெட் பெட்டிகள், குடைப்பிடிகள், அழைப்புமணிகள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களை அத்தொழிலகம் செய்தது என்று மதிப்பிடுகிறார்கள். விலை குறைந்த பொருளானாலும் அவர் பார்வைக்கு வராமல் வெளியே போகாது. குறையுள்ளதைச் சுத்தியலால் உடைத்துவிடுவார் என்று அவரோடு பணிபுரிந்தோர் நினைவுகூர்ந்தனர்.

அந்த ஏற்பாட்டில் புதிய கைகளுக்கும் இடம் இருந்தது. பட்டறைத் தலைவர் ஆகஸ்ட் ஹோல்ம்ஸ்ட்ரோமின் பேத்தி அல்மா பில், முடிந்த நகைகளைக் கணக்கேட்டில் வரைந்து வைக்கும் வேலையில் சேர்ந்த இளம்பெண். தொழிலதிபர் இமானுவேல் நோபல் சிறு பரிசுப் பொருள்கள் கேட்டபோது, பட்டறைச் சன்னல் கண்ணாடியில் படிந்திருந்த உறைபனிப் பூக்களைப் பார்த்து அவர் பனித்துளி வடிவ அணியூசிகளை வரைந்தார். அந்தக் கற்பனை வளர்ந்து 1913-இன் குளிர்கால முட்டையாயிற்று. பளிங்குப் படிகத்தில் பனி உறைந்தது போன்ற ஓடு, அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு வைரங்கள், உள்ளே வசந்தத்தின் முதல் வெண்மலர்க்கூடை. எந்த மன்னர் காலத்துப் பாணியும் அதில் இல்லை. மரபை முழுதாகக் கற்ற ஒரு பட்டறையில்தான் மரபைத் தாண்டிய அந்தப் பொருளும் பிறந்தது.

ஒரே வாடிக்கையாளரின் சந்தை

இந்த இடத்தில் பொருளியல் ஆசிரியன் பேசாமல் இருக்க முடியாது. அந்த அழகுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? 1891-92-இல் ரஷ்யாவின் வோல்கா பகுதியைப் பஞ்சம் தாக்கி, லட்சக்கணக்கானோர் பட்டினியாலும் நோயாலும் மடிந்தார்கள். அந்த இரண்டு ஆண்டுகளிலும் ஈஸ்டர் முட்டை தவறாமல் அரண்மனைக்குச் சென்றது. ஜப்பானோடு நடந்த போரையும் கிளர்ச்சியையும் கண்ட 1904, 1905 ஆண்டுகளில்தான் வழக்கம் நின்றது. கைத்திறனின் மேன்மையைப் போற்றும் நாம், அந்தக் கைத்திறனுக்குக் கூலி கொடுத்த ஆட்சியின் கொடுமையை மறைக்கக் கூடாது. ஃபாபெர்ஜேயின் கணக்கில் இருந்த பெரும் பிழையும் அதுவே. மதிப்பைப் பொன்னிலிருந்து பிரித்துக் கைக்கு மாற்றினார். ஆனால், அந்தக் கையின் மதிப்பை ஒரு சிறிய மேட்டுக்குடியின் விருப்பத்தோடு கட்டிவைத்தார்.

1914-இல் போர் மூண்டது. கைவினைஞர்கள் படைக்கு அழைக்கப்பட்டார்கள். எனாமல் உலைகள் எரிந்த பட்டறைகளில் செம்பும் பித்தளையும் போர்க்கருவிகளாக மாறின. 1916-இன் முட்டை எஃகால் ஆனது. நான்கு பீரங்கிக் குண்டுகளின் முனைமேல் அது நிற்கிறது. அடுத்த ஆண்டு புரட்சி வந்தது. முட்டைகளைப் பெற்ற அரசர் சிறைப்பட்டார். அந்த ஆண்டுக்கானவை அவரைச் சென்று சேரவில்லை. 1918-இல் போல்ஷிவிக் அரசு தொழிலகத்தைக் கையகப்படுத்தியது. செப்டம்பரில் ஃபாபெர்ஜே ரிகாவுக்குத் தப்பினார். அங்கிருந்து ஜெர்மனிக்கும், பின்னர் சுவிட்சர்லாந்துக்கும் சென்றார். தொழில் போனபின் அவர் உடலும் தளர்ந்தது. 1920 செப்டம்பர் 24 அன்று லோசான் நகருக்கு அருகில் காலமானார். 1929-இல் மகன் யூஜின், தந்தையின் எச்சங்களைப் பிரான்சின் கான் நகரில் தாயின் கல்லறையில் சேர்த்தார். முன்னோர் அடைக்கலம் தேடி வெளியேறிய நாட்டிலேயே அவர் துயில்கிறார்.

அதன்பின் நடந்ததுதான் மதிப்புக் கொள்கைக்குச் சிறந்த பாடம். அந்நியச் செலாவணிக்காகச் சோவியத் அரசு 1920-களின் இறுதியிலும் 1930-களின் தொடக்கத்திலும் அரண்மனைப் பொருள்களை விற்றது. பதினான்கு முட்டைகள் அப்படி நாட்டைவிட்டுப் போயின. குளிர்கால முட்டைக்கு அரசர் கொடுத்தது 24,600 ரூபிள். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 2,600 பவுண்டு. லண்டன் வணிகர் அதை வாங்கியது 450 பவுண்டுக்கு. 2002-இல் நியூயார்க் ஏலத்தில் அதே முட்டை 96 லட்சம் டாலருக்குப் போனது. பொருளில் ஓர் இழையும் மாறவில்லை. பார்த்தவர்களின் கண்தான் மாறியது. பெயருக்கும் அதே கதிதான். 1937-இல் அமெரிக்கர் ஒருவர் ஃபாபெர்ஜே என்ற பெயரை நறுமணப் பொருள்களுக்குப் பதிவு செய்துகொண்டார். வழக்குச் செலவுக்கு அஞ்சிய குடும்பத்தார் 1951-இல் 25,000 டாலருக்கு உடன்பட்டார்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அந்த நிறுவனம் 2 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது.

பொருளுக்கும் பெயருக்கும் இப்படி விலை திரும்பி வந்தது. சிதறிய பட்டறைக்கு அது வரவில்லை. நூற்று நாற்பது நிறங்களுக்கும் உலையின் பதம் அறிந்திருந்தவர்கள், தம் அருகில் அமர்த்திக் கற்றுக்கொடுக்கப் பையன்கள் இல்லாமல் முதுமையடைந்தார்கள்.

இனி, நான் சொல்லவேண்டிய சொந்தச் செய்தி. என் தாயார் மறைந்த மறு ஆண்டு, அவருடைய கெம்புக்கல் அட்டிகையை விற்க நானும் என் தம்பியும் ஒரு நகைக்கடைக்குச் சென்றோம். என் பாட்டிக்காக அவர் ஊர்ப் பத்தர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து செய்துகொடுத்தது அது. கடையில் கற்களைக் குறட்டால் பெயர்த்து ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார்கள். மிச்சத்தைத் தராசில் வைத்தார்கள். அரக்குக்கும் அழுக்குக்கும் கழிவு போட்டு ஒரு தொகை சொன்னார்கள். அவர்கள் கணக்கில் பிழை ஏதும் இல்லை. புது நகை வாங்கும்போது ரசீதில் தனி வரியாக நிற்கும் செய்கூலி, பழைய நகை விற்கும்போது எந்த வரியிலும் இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். மதிப்புக் கொள்கை நடத்திய பேராசிரியன் தலையசைத்துக் கையெழுத்திட்டேன். அந்தக் கற்கள் இன்னும் என் மேசை இழுப்பறையில் அதே தாள் மடிப்பில் இருக்கின்றன. அவை எந்த வரிசையில் எப்படிப் பதிந்திருந்தன என்று எங்கள் வீட்டில் இப்போது எவருக்கும் தெரியாது.

பழைய பாணி ஒன்று மறைவது பெரும்பாலும் இப்படித்தான். பகைவர் எவரும் வந்து அழிப்பதில்லை. குடும்பங்களே தராசில் வைத்துக் கொடுத்துவிடுகின்றன. ஃபாபெர்ஜே இருபது வயதில் செய்த காரியம் எல்லோருக்கும் இயலாது. ஆனால், வீட்டிலுள்ள பழைய நகை ஒன்றை விற்கத்தான் வேண்டுமென்றால், அதற்கு முன் அதை எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைக்கலாம். செய்த பத்தரின் பெயரும் ஊரும் தெரிந்தால் எழுதி வைக்கலாம். தொழிலை இன்னும் கைவிடாத ஒருவரிடம் அதைக் காட்டலாம். உருக்குபவர்கள் விலை அதிகம் என்று மறுத்ததால் ஒரு முட்டை தப்பியது. எல்லா நகைக்கும் அந்த நல்வாய்ப்பு அமைவதில்லை.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் - ஓய்வு)